ஓடைப்பட்டியில் கழற்றிய ரெகுலேட்டர்

உலகத்திலேயே அதிகமான பேரைப் பசியோடு காக்க வைத்த மனிதர் எங்கள் அல்லிநகரத்தில்தான் இருந்தார். வேறு ஊர்க்காரர்கள் யாராவது போட்டிக்கு வந்தால் வரட்டும், நான் சாட்சிகளோடு வருகிறேன். காதுகுத்து, வளைகாப்பு, புதுவீடு புகுதல் என்று எந்த விசேஷமானாலும் சரி. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் வைத்த பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "அடுப்ப அமத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க!" அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளித்தான்.

அவர் கேஸ் ஏஜென்சி மெக்கானிக். ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் 'நுரை'. நேரில் பார்த்தால் 'மெக்கானிக்கு', தெருமுனை திரும்பியதும் 'நுரை'. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஷேவிங் பிரஷ் இருக்கும், தோள் பையில் ஒரு சோப்பு டப்பா. எந்த வீட்டுக்குள் போனாலும் சோப்பைக் குழைத்து நுரை எழுப்பி, ரெகுலேட்டரிலும் ரப்பர் டியூபிலும் பூசிவிட்டுக் குத்தவைத்து உற்றுப் பார்ப்பார். நுரையில் முட்டை விட்டால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். முட்டை விடாவிட்டால் கசியவில்லை என்று அர்த்தம் கிடையாது. இன்னொரு தடவை பூசுவார். பிரஷ் முழுநேரமும் டியூபுகளுக்கே போய்விட்டதால் அவர் முகத்தில் எந்த நாளும் நாலு நாள் தாடி இருந்தது.

உட்காரவே மாட்டார். காபி கொடுத்தால் நின்றுகொண்டே பாதி, நடந்துகொண்டே மீதி. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேச்சில் காணாமல் போய், நாலு வீடு தள்ளி யாருடைய அடுப்படியிலாவது சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் நமக்கே ஏதோ மறந்துவிட்டு வந்த மாதிரி கை கால் பரபரக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்தது தொண்ணூற்றெட்டில். என் மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புது வண்டி வாங்கினால் பூஜை போடுவோமில்லையா, அதே முறைதான். சிலிண்டரைக் கழுவித் துடைத்து, திருநீறு இழுத்து, குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, உச்சியில் ஒரு வெற்றிலை வைத்து அதன்மேல் சூடம் ஏற்றிவிட்டாள். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இணைப்புக் கொடுக்க வந்த நுரை வாசலிலிருந்தே அதைப் பார்த்துவிட்டார்.

"அய்யோ ஆத்தா!" என்று ஒரு அலறல். ஒரே தாவல். வெறுங்கையால் சூடத்தைத் தட்டி, தரையில் விழுந்ததைக் காலால் மிதித்து அணைத்தார்.

என் மனைவி கொதித்துப் போனாள். "சாமிக்குக் காட்டுன சூடத்த மிதிக்கிறீகளே, வெளங்குவீகளா?"

"சாமி மன்னிச்சிரும்த்தா. சிலிண்டரு மன்னிக்காது."

அதோடு விட்டாரா? சாக்பீஸ் எடுத்துச் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு போட்டு, இதற்குள் விளக்கு, ஊதுபத்தி, சூடம், பீடி எதுவும் வரக்கூடாது என்றார். பீடி என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் அப்போது அதை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. என் மனைவி ஒரு வருஷம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேலத்தெரு வாத்தியார் கதை இதைவிட மோசம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒருநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட, யாரும் கவனிக்காமல் வீடு முழுக்கக் கேஸ் வாசம். வாத்தியார் படித்தவரில்லையா, வாசத்தை வெளியே தள்ள அடுப்படி ஃபேனைப் போடலாம் என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார். ஜன்னலுக்கு வெளியே நுரை போய்க்கொண்டிருந்தார். அடுத்த நொடி ஒரு ரப்பர் செருப்பு ஜன்னல் வழியாகப் பறந்து வந்து வாத்தியார் மணிக்கட்டில் சப்பென்று விழுந்தது.

தெருவே கூடிவிட்டது. வாத்தியாரை, அதுவும் செருப்பால்! நுரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே ஓடி ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வீட்டு ஆட்களை வெளியே விரட்டினார். அப்புறம்தான் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கம் சொன்னார். "சுச்சு போடும்போது உள்ளுக்குள்ள ஒரு பொறி தட்டும் சார். அது போதும். போடவும் கூடாது, அமத்தவும் கூடாது. இந்தக் கேஸு தரையோட தரையாப் படுத்துக் கெடக்கும். கதவத் தெறந்து வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானாப் போயிரும்."

"அத வாயால சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்றார் வாத்தியார், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

"மூணு தடவ சொன்னேன் சார். நீங்க வாத்தியாரு. அடுத்தவுக சொன்னா காதுல வாங்குவீகளா?"

வாத்தியாரின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது தெருவுக்கே கேட்டது.

ஆனால் தெருவுக்கு நிஜமாகவே எரிச்சல் மூட்டியது வேறொரு பழக்கம். டியூபில் வெடிப்பு இருந்தாலோ, சிலிண்டரைப் படுக்கப் போட்டிருந்தாலோ, ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சரி பண்ணிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பார். கெஞ்சினாலும் நடக்காது, கத்தினாலும் நடக்காது. தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணத்தில், விறகு அடுப்புக்கு ஒட்டினாற்போல் சிலிண்டரை வைத்திருந்தார்கள் என்று ரெகுலேட்டரோடு வாழைத்தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். சமையல்காரர் தோப்பைச் சுற்றி முடிப்பதற்குள் மற்றவர்கள் சிலிண்டரை இடம் மாற்றிவிட்டதால் அன்றைக்கு நுரை உயிர் பிழைத்தார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் மகள் வனிதாவுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கும் வரைக்கும்.

வனிதா தங்கமான பெண். டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடையாது, அப்பாவைத் தவிர. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை வாயில் வைக்கும்போது, "உங்க வீட்ல டியூப் மாத்தி எத்தன வருசம் ஆகுது?" என்று நுரை கேட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, "கல்யாணத்துலருந்து மாத்தல" என்று பெருமையாகச் சொன்னார். யாருடைய கல்யாணம் என்று நுரை கேட்க, பெரியப்பாவின் கல்யாணம் என்று தெரிய வர, நுரை நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். அந்தச் சம்பந்தம் அப்படிப் போயிற்று. இரண்டாவது மாப்பிள்ளையின் வாயிலிருந்த சிகரெட்டை, அடுப்படி ஜன்னலுக்கு நேரே நிற்கிறார் என்று சொல்லிப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அதுவும் போயிற்று.

மூன்றாவதாக ஓடைப்பட்டியிலிருந்து வந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தான், கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத பிள்ளை. வனிதாவைப் பார்த்ததுமே அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வனிதாவுக்கும் பிடித்திருந்தது, அவள் அதை என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள். அன்றைக்கு நுரைக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், வாயைத் திறக்க முடியவில்லை. தெய்வச் செயல் என்று பேசிக்கொண்டோம்.

அடுத்தது நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் போய் வீடு வாசலைப் பார்த்து, மனதுக்குப் பிடித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 'கை நனைக்கிறது' என்று பேர். கை நனைத்துவிட்டால் சம்மதம். நனைக்காமல் கிளம்பினால், இந்த வீடு எங்களுக்கு வேண்டாம் என்று ஊருக்கு நடுவில் சொன்ன மாதிரி. அப்புறம் காலில் விழுந்தாலும் ஒட்டாது.

கிளம்புகிற அன்று காலையில் நுரையின் மனைவி பேச்சியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, பையப் புடுங்கி வச்சிட்டேன். பிரஷ்ஷ ஒளிச்சி வச்சிட்டேன். ஆனா இந்த மனுசன ஒளிச்சி வைக்க முடியாதுல்ல? ஒங்கள நம்பித்தான் கூட்டிட்டுப் போறேன். அடுப்படிப் பக்கம் மட்டும் விட்றாதீக. இதுவும் போச்சுன்னா எம்புள்ள மனசு ஒடஞ்சி போயிரும்ண்ணே."

நான் தாலுகா ஆபீஸ் எழுத்தர். கலெக்டர் வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு கொடுத்ததில்லை. விடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வேனில் பதினோரு பேர். நுரை எனக்குப் பக்கத்தில், சலவைச் சட்டையில், முதல் தடவையாக மழித்த முகத்தோடு இருந்தார். பார்க்க யாரோ மாதிரி இருந்தது. வீரபாண்டி தாண்டுவதற்குள் நாலு தடவை எழுந்து நின்று தலையை இடித்துக்கொண்டார்.

"உக்காருய்யா."

"உக்காந்துதாண்ணே இருக்கேன்" என்றார், நின்றுகொண்டு.

"இங்க பாரு. இன்னைக்கு நீ மெக்கானிக்கு இல்ல. பொண்ணுக்கு அப்பன். அது மட்டும்தான். புரியுதா?"

"புரியுதுண்ணே. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வாயத் தெறக்க மாட்டேன்."

ஓடைப்பட்டியில் நல்ல வரவேற்பு. பெரிய வீடு. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, தட்டுத் தட்டாகத் திராட்சை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா முறுக்கு மீசைக்காரர், பேச்சும் அப்படித்தான். "மொத வீட்டப் பாருங்க. அப்புறம் தோட்டத்தப் பாருங்க. அப்புறம் சோத்தப் பாருங்க" என்று சிரித்தார். உள்ளே சமையல் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு ஓரமாக நின்று வெட்கப்பட்டான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, நுரை திராட்சையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கும் வரை.

"அண்ணே, வருது."

"என்ன வருது?"

"வாசம்."

"அது சாம்பார்."

"இல்லண்ணே. சாம்பாருக்கு அடியில இன்னொண்ணு வருது."

அவர் முழங்காலை நான் கையால் அமுக்கிப் பிடித்தேன். அது என் கையோடு சேர்ந்து ஆடியது. எதிரே பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் பாதி கெஞ்சல், பாதி மிரட்டல். இரண்டு நிமிடம் தாங்கினார். அப்புறம் மீசைக்காரரிடம் மிகவும் பணிவாக, "ஒண்ணுக்குப் போகணும், எங்கன போறது?" என்று கேட்டார். கொல்லையில் இருக்கிறது என்றார்கள். நானும் எனக்கும் அவசரம் என்று பின்னாலேயே போனேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே கதவைப் பார்த்தபடி காவல் நின்றேன்.

அந்தக் கக்கூசுக்கு அந்தப் பக்கமும் ஒரு கதவு உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓடைப்பட்டிக்குப் போனதே அன்றுதான்.

"அடுப்ப அமத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

நான் அடுப்படிக்குள் விழுந்தடித்து ஓடியபோது எல்லா அடுப்பும் அணைந்திருந்தது. நாலைந்து பெண்கள் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றார்கள். சிலிண்டரில் கேஸ் தீரப் போகிறது என்று, அதை ஓர் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் தூக்கி வைத்திருந்தார்கள். வெந்நீரில் வைத்தால் அடியில் இருக்கிற கேஸ் மேலே ஏறி வருமாம். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் இந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. டியூபில் இரண்டு இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுப் போட்டிருந்தது.

"சிலிண்டர வெந்நியில உக்கார வச்சிருக்கீகளே, அதென்ன புள்ள பெத்த பொம்பளையா?" என்று கத்திக்கொண்டே, பாத்திரம் விளக்குகிற சோப்பை எடுத்துக் கையாலேயே குழைத்து, கட்டுப் போட்ட இடத்தில் பூசினார். சோப்பு நுரை பூரி மாதிரி உப்பியது. உப்பி, உடைந்து, மறுபடியும் உப்பியது. அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் இத்தனை வருஷத்தில் அவ்வளவு பெரிய முட்டையைப் பார்த்ததில்லை. ரெகுலேட்டரை மூடிக் கழற்றிச் சலவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் கொல்லைக்கு விரட்டினார்.

மீசைக்காரர் வந்துவிட்டார். "யோவ், பொண்ணு குடுக்க வந்தீகளா, அடுப்பப் புடுங்க வந்தீகளா?"

"டியூப் போயிருச்சுங்க. புதுசு மாட்டாம அடுப்பப் பத்த வைக்கக் கூடாது."

"உலையில அரிசி அரைவேக்காட்ல கெடக்கு. சோறு வேகலைன்னா எப்படிக் கை நனைப்பீக? நனைக்காமப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க? பொண்ணு வீட்டுக்காரன் எங்கள வேணாம்னுட்டுப் போயிட்டான்னு பேசுவாங்க. என்னைய அசிங்கப்படுத்தத்தான் வந்தீரா? ரெகுலேட்டரக் குடும்!"

"தர மாட்டேங்க."

"அப்பச் சம்பந்தமும் வேணாம். கெளம்புங்க."

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "நாசமாப் போச்சே! மூணாவதையும் கெடுத்துட்டாரே! ஒமக்கு இந்த ரெகுலேட்டருதான் புள்ளையா? எம்புள்ளைக்கு நான் போயி என்னன்னு சொல்லுவேன்?"

எனக்கு அவமானத்தில் காது அடைத்துவிட்டது. "குடுத்துத் தொலையேன்யா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்று நானே அவர் பையில் கையை விட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற கண், முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தது.

"கெட்டுப் போகும்னு தெரியும்ண்ணே. கூடத்துல உக்காந்திருக்கும்போதே தெரியும். வனிதாவுக்கு இந்தப் பையனப் புடிச்சிருக்குன்னும் தெரியும். ஆனா இன்னும் ரெண்டு மாசத்துல இந்த அடுப்புக்கு முன்னாடி காலங்காத்தால தீப்பெட்டியோட நிக்கப் போறது யாருண்ணே? நானா? நீங்களா? எம்மகதான?"

மீசைக்காரர் மீசையிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா, அதுவரை வாயே திறக்காத ஒல்லியான மனுஷி, சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"எட்டு மாசமா நானும் சொல்றேன், நாத்தமடிக்கிது, தல சுத்துதுன்னு. யாரு காதுல வாங்குனீக? அப்பனும் மகனும் நல்லாத் திம்பீக. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அடுப்படிக்குள்ள வந்து என்னன்னு பாத்திருக்கீகளா? இந்த வீட்டு அடுப்படிக்குள்ள வந்து எட்டிப் பாத்த மொத ஆம்பள இவுகதான்." நுரையின் பக்கம் திரும்பி, "அண்ணே, ரெகுலேட்டரக் குடுக்காதீக. ஆனா கை நனைக்காமப் போகவும் விடமாட்டேன்" என்றது.

மீசைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே உள்ளே போய்ச் சிலிண்டரைத் தூக்கி வந்து, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வெட்ட வெளியில் நிறுத்தி வைத்தான். நிமிர்த்தி வைத்தானா என்று நுரை பார்த்துக்கொண்டார்.

கொல்லையின் மறு மூலையில் மூன்று கல்லைக் கூட்டி, கவாத்து வெட்டிக் காய்ந்து கிடந்த திராட்சைக் குச்சிகளைப் போட்டு அந்த அம்மாவே தீ மூட்டியது. பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஊதியது. சம்பந்திகள் இரண்டு பேரும் புகையில் இருமிக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள், இரண்டு ஆம்பிளைகளையும் பற்றித்தான். சோறு வெந்து இலை போடும்போது மணி மூன்றரை. ரசத்தில் புகை வாசம் அடித்தது, யாரும் குறை சொல்லவில்லை. முதல் இலை நுரைக்குப் போட்டு அந்த அம்மாவே பரிமாறியது. அவர் கையை நனைத்தார். பேச்சியம்மாள் கும்பிட்டது.

"புது டியூப நாளைக்கே நானே கொண்டாந்து மாட்டுறேன்" என்றார், வாயில் சோற்றோடு.

"இந்தாய்யா, கல்யாணத்துக்கு முந்தியே சீர் வருது!" என்றார் மீசைக்காரர். எல்லோரும் சிரித்தோம். அவர்தான் முதலில் சிரித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது வேனில் ஒரே கும்மாளம். பேச்சியம்மாள் பட்டுச்சேலை எங்கே எடுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டது. நுரை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. என்னய்யா என்றேன். கண்ணில் தூசி என்றார். ஜன்னல் கண்ணாடி மூடித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்து என் தோள்மேல் விழுந்தது. நல்ல தூக்கம், லேசான குறட்டை. ஓட்டுநரிடம் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போகச் சொன்னேன். சின்னமனூரிலிருந்து அல்லிநகரம் வரைக்கும், அவர் முழித்துவிடக் கூடாதே என்று, நான் தோளை அசைக்கவே இல்லை.